மகன் பாலே பயில விரும்பினால்...

பாலே என்னும் மேனாட்டு நடனத்தைப் பயிலும் ஆண் பிள்ளைகளின் பெற்றோருக்கு முதலில் எழும் கவலை நடனத்தைப் பற்றியதன்று, அயலவரைப் பற்றியது. மகள் அந்நடனம் பயில்கின்றாள் என்றால் கேட்போர் மகிழ்ந்து, அரங்கேற்றம் எப்போது என்று விசாரிப்பர். மகன் பயில்கின்றான் என்றாலோ சற்று நேரம் பேச்சு நின்றுவிடும். பின்னர், "ஏன், உதைபந்தாட்டத்தில் அவனுக்கு விருப்பமில்லையா?" என்று யாரேனும் ஒருவர் கேட்பார். கொழும்பில் பாலே பயிற்றும் பள்ளிகள் நெடுங்காலமாக உண்டு. லண்டனிலும் தொரொன்றோவிலும் குடியேறிய நம்மவர் பிள்ளைகளுக்கு அவை எட்டும் தூரத்தில் உண்டு. ஆகவே இது நம் குடும்பங்களுக்கு முற்றிலும் புறம்பான விடயமன்று. ஆயினும், இதனை நன்கு விளங்கிக் கொள்ள வேண்டுமாயின் அந்நடனம் வளர்ந்த நாடுகளின் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையுமே நாம் முதலில் நோக்க வேண்டும்.

ரூடால்வ் நூரியேவ் என்ற பெயரைக் கலையுலகில் அறியாதார் இலர். அவர் 1938ஆம் ஆண்டில், சைபீரியாவினூடாக ஓடிக்கொண்டிருந்த புகையிரதத்தில் பிறந்தவர். தாத்தாரிய முஸ்லிம் குடும்பம்; தந்தை ஹாமெத் செஞ்சேனையில் பணியாற்றியவர். யுத்த காலத்தில் தாயும் நான்கு பிள்ளைகளும் ஊஃபா என்னும் நகரில் மிக்க வறுமையில் காலந் தள்ளினர். ஒரு புத்தாண்டு இரவில், கையில் ஒரேயொரு டிக்கெற்றை வைத்துக்கொண்டு, தாய் ஃபரீதா பிள்ளைகள் யாவரையும் நகரின் நாடக அரங்கினுள் எப்படியோ நுழைத்துவிட்டார். அன்று மேடையிலே கண்ட பாலே சிறுவன் ரூடால்வின் மனத்தை விட்டு அகலவில்லை. யுத்தம் முடிந்து வீடு திரும்பிய தகப்பனாரோ, மகன் பொறியியலாளனாகவோ வைத்தியனாகவோ வரவேண்டுமென்று எண்ணினார். நடன வகுப்புக்குச் சென்றான் என்று அறிந்த போதெல்லாம் அடித்தார். மகன் களவாகச் சென்று ஆடினான். 1955இல் லெனின்கிராட் நடனப் பள்ளியில் அவன் இடம் பெற்றபோது வயது 17 ஆகிவிட்டது. உடன் பயின்றவர்களோ 10 வயதளவில் தொடங்கியவர்கள். பின்தங்கிய அவ்வாண்டுகளை ஈடுசெய்ய அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. 1961இல் பாரிஸ் நகரில் அவர் புகலிடம் கோரினார். தாயை மீண்டும் காண 1987 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போது அத்தாய் மரணப் படுக்கையில், மகனை அடையாளங் காண்பதே அரிதான நிலையில் இருந்தார். தந்தை அதற்கு முன்னரே காலமாகியிருந்தார்.

இதற்கு நேர்மாறான தகப்பனார் ஒருவரும் உண்டு. கியூபா நாட்டின் ஹவானா நகரில், ஏழ்மையான பகுதியொன்றில், பேத்ரோ அகோஸ்ரா என்ற லொறிச் சாரதி வாழ்ந்தார். அவருடைய பதினொரு பிள்ளைகளுள் கடைசி மகன் கார்லோஸ், 1973இல் பிறந்தவன். பந்தடிப்பதும் தெருவில் கூத்தடிப்பதுமாகத் திரிந்த அப்பையன் கெட்டலைந்து போவான் என்று அஞ்சிய தகப்பனார், 9 வயதில் அவனை அரசாங்க பாலே பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். கலையார்வம் மட்டுமே காரணமன்று; அங்கே மதிய உணவு இலவசம். மகனுக்கோ உதைபந்தாட்ட வீரனாக வேண்டுமென்ற ஆசை. வகுப்புக்குப் போகாமல் ஒளித்தான், பள்ளியிலிருந்து நீக்கப்பட்டான். தகப்பனார் விடவில்லை. நகருக்கு வெளியே, பினார் தெல் ரியோ என்னும் ஊரிலுள்ள விடுதிப் பள்ளிக்கு அவனை அனுப்பினார். 13 வயதளவில் கியூபா தேசிய பாலே குழுவின் ஆட்டத்தை நேரிற் கண்ட பின்னரே அவன் உள்ளம் மாறியது. 1990இல், சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் நடைபெறும் இளம் நடனக் கலைஞர் போட்டியில் தங்கப் பதக்கம் வென்றான். 1998இல் லண்டன் றோயல் பாலே குழுவிற் சேர்ந்து உலகப் புகழடைந்த கார்லோஸ் அகோஸ்ரா, 2020இல் பேர்மிங்ஹாம் றோயல் பாலேயின் இயக்குநராகப் பொறுப்பேற்றார்.

இவ்விரு வரலாறுகளையும் கேட்ட சிலர், "அடித்தவன் மகனும் முன்னுக்கு வந்தான், கட்டாயப்படுத்தியவன் மகனும் முன்னுக்கு வந்தான்; ஆகவே தகப்பன் எப்படி நடந்தாலும் திறமை வென்றுவிடும்" என்று கூறுவர். இது தவறான கணக்கு என்பது எமது எண்ணம். வென்றவர்களின் பெயரை மட்டுமே உலகம் எழுதி வைக்கின்றது. அடிக்கு அஞ்சி ஆட்டத்தைக் கைவிட்ட பையன்களின் பெயரையும், வலிந்து தள்ளப்பட்டு நடனத்தையே வெறுத்த பையன்களின் பெயரையும் எழுதி வைத்தவர் யார்? எமக்கு இக்கதைகளில் முன்மாதிரியாகத் தோன்றுவது ஒரேயொரு டிக்கெற்றுடன் வாசலில் நின்ற அந்தத் தாய்தான். அவர் மகனை நடனக்காரனாக்க வேண்டுமென்று புறப்படவில்லை. நல்ல ஆட்டமொன்றைப் பிள்ளைகள் காணட்டும் என்று அழைத்துச் சென்றார், அவ்வளவே.

நிற்க. பாலே பெண்களுக்குரியது என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அந்நடனம் வளர்ந்தது ஆண்களின் கால்களிலேதான். பிரான்சின் மன்னன் பதினான்காம் லூயி 1653இல், தனது 14ஆவது வயதில், சூரியன் வேடம் பூண்டு அரசவையில் ஆடினான். 1661இல் நடனத்துக்கென ஒரு கழகத்தையும் நிறுவினான். பாரிஸ் ஒப்பெரா மேடையிலே தொழில்முறைப் பெண் நடனக்காரர் தோன்றியது 1681இல்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே, நுனிவிரலில் நின்றாடும் நங்கையர் மீது மேற்கு ஐரோப்பிய இரசிகருக்கு மோகம் பிறந்தது; ஆண்கள் பின்னுக்குத் தள்ளப்பட்டனர். 1870இல் பாரிசில் 'கொப்பேலியா' முதன்முதலாக அரங்கேறியபோது அதன் கதாநாயகன் வேடத்தையே ஒரு பெண் தாங்கினார். ருஷ்யாவிலும் டென்மார்க்கிலும் ஆண்களின் ஆட்டம் இவ்வாறு மங்கிவிடவில்லை. ஆகவே பலரும் ஆதியிலிருந்தே உள்ளது என்று கருதும் இவ்வெண்ணம், உண்மையில் சில நாடுகளிலே ஒரு காலத்தில் வந்த மோகத்தின் மிச்சம்.

நமக்கு இதை விளக்க அதிகம் சொல்லவும் வேண்டியதில்லை. மட்டக்களப்பு வட்டக்களரியிலே சலங்கை கட்டி விடிய விடிய வடமோடியும் தென்மோடியும் ஆடிய உழவர்களை யாரும் ஆண்மை குன்றியவர் என்று சொன்னதில்லையே!

ஆயினும் ஏளனம் இன்னும் ஓயவில்லை. 2019 ஓகஸ்ற் மாதத்தில், இங்கிலாந்து அரச குடும்பத்துச் சிறுவன் ஜோர்ஜ் பாலே பயில்வதைக் குறித்து அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றில் சிரித்துப் பேசிவிட்டனர். சில நாட்களுள் நியூயோர்க் நகரின் ரைம்ஸ் சதுக்கத்தில், நூற்றுக்கணக்கான நடனக் கலைஞர்கள் அந்நிகழ்ச்சி ஒளிபரப்பாகும் கலையகத்துக்கு வெளியே கூடி, நடுத்தெருவிலேயே பாலே வகுப்பு நடத்தினர். சிரித்தவர் மன்னிப்புக் கேட்டார். அரச குமாரனுக்கு ஆதரவாக நூற்றுக்கணக்கானோர் திரண்டனர். ஆனால் சாதாரணப் பாடசாலையில் இடைவேளை நேரத்தில் கேலிக்கு ஆளாகும் பையனுக்கு அவ்வாறு திரள யார் இருக்கின்றார்கள்?

வீட்டார்தாம் இருக்கின்றனர், அவர்களுள்ளும் தகப்பனார். தாய் அழைத்துச் செல்லும் வகுப்புக்கு மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது தகப்பனார் அழைத்துச் செல்லட்டும். அங்கே அவர் சொல்ல வேண்டியது எதுவுமில்லை. வாசலில் உட்கார்ந்து பத்திரிகை படித்தாலே போதும். உறவினர் கேட்கும்போது, "மகன் பாலே பயில்கிறான்" என்று, கணக்குப் பாடம் பயில்கிறான் என்பதைப் போல இயல்பாகச் சொல்லட்டும். குரலைத் தாழ்த்திச் சொல்லும் தகப்பனையும், வேண்டாத விளக்கமெல்லாம் கொடுத்து வாதாடும் தகப்பனையும் மகன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றான். கேலி எல்லை மீறி அடிதடியாகுமாயின், அதைப் பையன் தானே பொறுக்க வேண்டுமென்று விடலாகாது. அதிபரிடம் செல்வது பெற்றோர் கடமை.

இனி வகுப்பைப் பற்றி. சிறிய பள்ளிகளில் இருபது சிறுமியருக்கு நடுவே ஒரே பையனாக அவன் நிற்பான். இதனால் இரண்டு தீங்குகள் விளையலாம். ஒன்று தனிமை. ஆண்களுக்குரிய பயிற்சி, அதாவது உயரப் பாய்தலும் அந்தரத்தில் இருமுறை சுழன்று இறங்குதலும் போன்றவை, சிறுமியருக்கென வகுத்த வகுப்பிலே கிடைப்பதில்லை. வாரம் ஒருமுறையேனும் பையன்களுக்கு மட்டுமான வகுப்போ, ஆண் ஆசிரியரோ கிடைக்குமாயின், சற்றுத் தூரமாயினும் பஸ் ஏறிப் போவது தகும். தன்னைப் போல் நாலைந்து பையன்களைக் கண்டுவிட்டாலே பாதிக் கவலை தீரும். மற்றத் தீங்கு மிகைப் புகழ்ச்சி. வேறு பையன் இல்லாததனால் ஆண்டு விழாவில் அரசகுமாரன் வேடம் எப்போதும் அவனுக்கே கிடைக்கும். கட்டணத்தில் சலுகையும் கிடைக்கலாம். இதனைத் திறமைக்குக் கிடைத்த பரிசென்று பெற்றோர் மயங்கினால், பின்னர் பெரிய பள்ளியின் தேர்வுக்குச் சென்று, தன்னையொத்த நூறு பையன்களுள் ஒருவனாக நிற்கும்போது பிள்ளை உடைந்து போவான். விடுமுறைக் காலப் பயிற்சி வகுப்புகளுக்கு அனுப்பினால் தன் நிலை இன்னதென்று அவன் காலத்தோடு அறிந்துகொள்வான்.

உடலைப் பற்றிப் பெற்றோர் மிகவும் கவனிக்க வேண்டிய பருவம் 12 முதல் 15 வயது வரையிலாகும். பையன்கள் அப்போது ஓராண்டிலேயே மூன்று நான்கு அங்குலம் வளர்ந்துவிடுவதுண்டு. எலும்பு முந்திக்கொண்டு நீள, தசைகள் பின்தங்கி இறுகுகின்றன. நேற்று வரை எளிதாகத் தூக்கிய கால் இன்று மேலே எழாது. சுழற்சியில் நிலை தடுமாறும். பிள்ளை சோம்பிவிட்டான் என்று ஆசிரியரும், தனக்குத் திறமை போய்விட்டது என்று பிள்ளையும் எண்ணும் காலம் இது. உண்மையில் அவன் புதிய உடம்பொன்றைப் பழக்கப்படுத்திக் கொண்டிருக்கின்றான். முழங்காற் சில்லுக்குக் கீழேயோ குதிக்காலிலோ வலி என்றால் அதை அலட்சியம் செய்யலாகாது. வளரும் எலும்பின் முனைகள் இன்னும் உறுதிப்படாதவை. அவற்றைத் தசைநாண் இழுப்பதனால் வரும் வலி அது. வைத்தியரிடம் காட்டி, பாய்ச்சல்களைச் சில வாரங்கள் குறைத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். வலியோடு வலிந்து கால்களை விரிக்கச் செய்வதும், முதுகு வலுப்பெறுமுன் பெண் பிள்ளையைத் தூக்கச் செய்வதும் கூடா. இருவர் ஆடும் நடனப் பயிற்சியை 15, 16 வயதளவில் தொடங்குவதே நல்ல பள்ளிகளின் வழக்கம்.

வயிறாரச் சாப்பிட விடுங்கள். மெலிய வேண்டுமென்ற பேச்சு பெண் பிள்ளைகளை மட்டும் வருத்துவதன்று. மற்றொன்று, தகப்பனாரோ தமையனோ சொல்ல வேண்டியது: ஆண் நடனக்காரர் அணியும் சிறப்பு உள்ளாடை ஒன்றுண்டு, 11, 12 வயதளவில் அது தேவைப்படும். வகுப்பில் எல்லார் முன்னும் ஆசிரியை சொல்லி அவன் அறிய நேர்வது பையனுக்குப் பெரும் வெட்கம்.

பெரிய பள்ளியில் இடம் கிடைத்துவிட்டதென்று கண்ணை மூடிக்கொள்வதும் தகாது. 2019இல் வியன்னா அரச ஒப்பெராவின் பாலே பள்ளியில் பிள்ளைகள் துன்புறுத்தப்பட்டமை வெளிவந்தது. அதனை விசாரித்த குழு, அங்கே மாணவரின் உடல்நலத்திலும் நல்வாழ்விலும் போதிய கவனம் செலுத்தப்படவில்லை என்று அறிக்கையிட்டது. பெயர் பெற்ற இடமாயிற்றே என்று பெற்றோர் தயங்கி நிற்கும்போது, சொல்ல வந்ததைப் பிள்ளையும் விழுங்கிவிடும். வகுப்பில் என்ன நடந்தது என்று கேட்பதைவிட, இன்று யார் அழுதார்கள் என்று கேட்டால் அதிகம் வெளிவரும் என்பது எமது எண்ணம்.

படிப்பை விட்டுவிடலாகாது என்பதை நம்மவர்க்குச் சொல்லவும் வேண்டுமா! லண்டன் றோயல் பாலே பள்ளியின் கீழ்ப்பிரிவில், 11 முதல் 16 வயது வரை பிள்ளைகள் நடனத்தோடு மற்றப் பாடங்களும் படித்துப் பொதுப் பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். பாரிஸ் ஒப்பெராவில் நடனக் கலைஞர் 42 வயதில் ஓய்வு பெற்றுவிடுகின்றனர். வேறிடங்களில் காயம் பட்டு அதற்கு முன்னரே விலகுவோர் பலர். பின்னர் எஞ்சியிருக்கும் வாழ்நாள் நீண்டது. ஆனால் ரியூசனைக் காட்டி நடனத்தையும், நடனத்தைக் காட்டி ரியூசனையும் அச்சுறுத்தலாகப் பயன்படுத்தும் வீட்டில் இரண்டுமே கசந்துவிடும்.

ஒருநாள் மகன் வந்து, "எனக்கு இனி வேண்டாம்" என்று சொல்லவும் கூடும். இது பெரும்பாலும் 13, 14 வயதில் நிகழும். செலவழித்த பணத்தை அப்போது நினைவூட்டாதிருப்பது கடினமே; ஆயினும் நினைவூட்ட வேண்டாம். காலில் வலியா, வகுப்பில் யாருடனேனும் பிணக்கா, பாடசாலையில் கேலியா, உண்மையிலேயே ஆர்வம் தீர்ந்ததா என்று விசாரித்தறிய வேண்டும். முதல் மூன்றுக்கும் பரிகாரம் உண்டு. நான்காவதாயின், இத்தவணை முடியும்வரை போய்விட்டு நிறுத்தலாம் என்று சொல்லி, சொன்னபடி நிறுத்திவிட வேண்டியதே. மீண்டும் ஆசை வந்தால் போகட்டும். சப்பாத்தை அதற்காகப் பத்திரப்படுத்தி வைக்கத் தேவையில்லை. அடுத்த தவணைக்குள் அது எப்படியும் சிறுத்துப் போய்விடும்.