ரேடியோ பிடிச்சது, ஷேரும் வாங்கினோம்: ஓசூர் பஸ்ஸில் கேட்ட எஃப்எம்மின் கணக்கு



ஓசூர் சிப்காட்டில் காலை ஷிப்ட் போனவங்களுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸில் டிரைவர் அண்ணன் என்ன ஸ்டேஷன் வைக்கிறாரோ, அதுதான் எல்லாருக்கும் பாட்டு. ஊர் தமிழ்நாட்டில் இருக்கு, அலை பெங்களூரிலிருந்து வருது. ஜூஜூவாடி, அத்திப்பள்ளி பக்கம் கண்ணாடி மாதிரி கேட்கும். கிருஷ்ணகிரி நோக்கிப் போகப் போக கரகரப்பு ஏறும், அப்புறம் தர்மபுரி வானொலிதான் கை கொடுக்கும். ராக் பாட்டு கேட்கிற பசங்களுக்கு 91.9 இண்டிகோ, மத்தவங்களுக்கு 91.1, 92.7, 98.3. இப்படித்தான் இந்த எல்லைப் பகுதியில் பல பேருக்கு எஃப்எம் பழக்கமாச்சு.

பழக்கமான பேர் ஐபிஓ-வுக்கு வந்தா என்ன செய்வோம்? "இது நமக்குத் தெரிஞ்ச பிராண்டுதானே" என்று அப்ளை பண்ணுவோம். இன்னைக்கு எடுத்திருக்கிற கதை அதுதான். வாங்கு, விற்றுவிடு என்று நான் எதையும் சொல்லப் போவதில்லை. ஒரு ஸ்டேஷன் எத்தனை கை மாறியது, ஒவ்வொரு மாற்றத்திலும் யாருக்கு என்ன கிடைத்தது என்பதை மட்டும் பார்க்கலாம்.

2001 ஜூலை 3. பெங்களூரில் ரேடியோ சிட்டி ஒலிபரப்பைத் தொடங்கியது. இந்தியாவின் முதல் தனியார் எஃப்எம் நிலையம் அதுதான். ஆரம்பத்தில் இந்தி, ஆங்கிலம், கன்னடம் எல்லாம் கலந்து போட்டாங்க. ஒரு ராக் பாட்டு, அடுத்து ஒரு இந்திப் பாட்டு என்று போகும். போட்டிக்கு ஆள் இல்லாத காலம், அதனால் ஓடியது.

ஆனால் பின்னாடி இருந்த கணக்கு கொடூரமானது. முதல் கட்ட ஏலத்தில் 40 நகரங்களில் 108 அலைவரிசைகளை அரசு ஏலம் விட்டது. லைசென்ஸ் கட்டணம் ஒவ்வொரு வருஷமும் 15 சதவீதம் ஏறும் என்பது நிபந்தனை. சம்பாதிச்சாலும் சரி, சம்பாதிக்காவிட்டாலும் சரி, கட்டியே ஆகணும். சம்பளம் ஏறாமல் வீட்டு வாடகை மட்டும் வருஷா வருஷம் 15 சதவீதம் ஏறினால் எத்தனை வருஷம் தாங்குவீங்க? ஏலம் எடுத்த பல பேர் ஸ்டேஷனே தொடங்கலை. கடைசியில் ஒலித்தது இருபது சொச்சம் நிலையங்கள்தான். 2005-ல் இரண்டாம் கட்டக் கொள்கை வந்த பிறகுதான் மூச்சு விட முடிந்தது. ஒரு தடவை நுழைவுக் கட்டணம், அப்புறம் வருமானத்தில் 4 சதவீதத்தைப் பங்காகக் கட்டும் முறை.

விதி தளர்ந்ததும் 2006-ல் கூட்டம் வந்தது. பிக் எஃப்எம், மிர்ச்சி, இண்டிகோ எல்லாமே பெங்களூரில் அப்போதுதான் வந்தன. பாட்டு மாறத் தொடங்கியதும் அப்போதுதான்.

ரேடியோ கேட்கிற நீங்களும் நானும் அதுக்கு ஒரு பைசா கொடுப்பதில்லை. பணம் தருவது விளம்பரதாரர். நகைக்கடை, ஃபிளாட் விற்கிறவர், ஆஸ்பத்திரி, ஜவுளிக்கடை. அவங்களுக்கு வேண்டியது எண்ணிக்கை. பெங்களூரில் எண்ணிக்கை கன்னடத்திலும் இந்தியிலும்தான் இருக்கு. அதனால் கலவையாக ஒலித்த ஸ்டேஷன்கள் ஒண்ணொண்ணாக ஒரே மொழிப் பக்கம் சாய்ந்தன. ரேடியோ சிட்டியும் மெல்ல கன்னடத்துக்குப் போனது. இதைத் துரோகம் என்று புலம்பிய ராக் ரசிகர்களை எனக்குத் தெரியும். 2007-ல் அயர்ன் மெய்டன், 2011-ல் மெட்டாலிகா என்று பேலஸ் கிரவுண்டை நிரப்பிய ஊர் அது. ஆனால் வருஷத்தில் ஒரு நாள் டிக்கெட் வாங்குகிற கூட்டம் வேறு, தினமும் காலை எட்டு மணிக்கு விளம்பரம் கேட்கிற கூட்டம் வேறு. ஆங்கிலப் பாட்டையே அடையாளமாக வைத்து வந்த இண்டிகோவை நடத்தியது ஜூபிடர் கேபிடல் குழுமம். அது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத தனியார் நிறுவனம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை பொது முதலீட்டாளர்களுக்கு ரிசல்ட் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாதவங்களால்தான் இப்படி ஒரு சின்னக் கூட்டத்துக்காக ஸ்டேஷன் நடத்த முடியும் என்பது என் அபிப்ராயம்.

கை மாறிய கதை

ரேடியோ சிட்டியை நடத்தும் கம்பெனியின் பெயர் மியூசிக் பிராட்காஸ்ட் லிமிடெட். ஆரம்ப வருஷங்களில் ஸ்டார் குழுமத்தின் பெயர் அதோடு ஒட்டியிருந்தது. அப்புறம் இந்தியா வேல்யூ ஃபண்ட் என்ற பிரைவேட் ஈக்விட்டி நிறுவனம் கைக்கு வந்தது. 2015-ல் தைனிக் ஜாக்ரன் பத்திரிகையை நடத்தும் ஜாக்ரன் பிரகாஷன் வாங்கியது. பிரைவேட் ஈக்விட்டிக்காரங்க ஒரு கம்பெனியைக் காலம் முழுக்க வைத்திருக்க வாங்குவதில்லை. வாங்கும்போதே யாரிடம் விற்கலாம் என்ற கணக்கு மனசில் ஓடும். அது தப்பும் இல்லை, அவங்க தொழிலே அதுதான்.

2017 மார்ச்சில் ஐபிஓ. ஒரு ஷேர் 333 ரூபாய், ஒரு லாட்டுக்கு 45 ஷேர். மொத்தம் 14,985 ரூபாய். சுமார் 40 மடங்கு விண்ணப்பம் குவிந்தது. பட்டியலான நாளில் 420 ரூபாயில் திறந்தது. அந்த நிமிஷமே விற்றவருக்கு ஒரு லாட்டில் கிட்டத்தட்ட 3,900 ரூபாய் லாபம்.

"நமக்குத் தெரிஞ்ச கம்பெனி" என்று வைத்துக்கொண்டவருக்கு? கணக்கைப் போடுவோம். 2019-ல் 10 ரூபாய் முகமதிப்பு ஷேரை 2 ரூபாயாகப் பிரிச்சாங்க. 45 ஷேர் 225 ஆச்சு. 2020-ல் நாலுக்கு ஒண்ணு போனஸ். மொத்தம் 281. கையில் ஷேர் பெருகிக்கொண்டே போகுதே என்று சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் 2025-ல் ஒரு ஷேரின் விலை பெரும்பாலும் பத்து ரூபாயை ஒட்டியும் அதற்குக் கீழேயும்தான் இருந்தது. பத்து ரூபாய் என்றே வைத்தாலும் 2,810 ரூபாய். இடையில் 2023-ல் பொதுப் பங்குதாரர்களுக்கு மட்டும் பத்து ஷேருக்கு ஒண்ணு என்று முன்னுரிமைப் பங்கு இலவசமாகக் கொடுத்தாங்க. மூணு வருஷம் கழித்து ஒண்ணுக்கு 120 ரூபாய் தருவது என்பது நிபந்தனை. நம்ம லாட்டுக்கு 28 வரும், அதாவது 3,360 ரூபாய். நியாயமாகப் பார்த்தால் இதையும் சேர்க்கணும். சேர்த்தாலும் 6,170 தான். அதே 14,985 ரூபாயை எட்டு வருஷம் 7 சதவீத எஃப்டியில் போட்டிருந்தால் வரிக்கு முன் சுமார் 25,700.

எங்கே தப்பியது? தேதியைப் பாருங்க. ஜியோ வந்தது 2016 செப்டம்பர். ஐபிஓ வந்தது 2017 மார்ச். நடுவில் ஆறு மாசம். பாட்டு கேட்க ரேடியோதான் வேணும் என்ற நிலைமை உடையத் தொடங்கிய பிறகு, ரேடியோ கம்பெனியை 40 மடங்கு போட்டி போட்டு வாங்கியிருக்கோம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பையன் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு யூடியூப் பார்த்ததை எல்லாரும் பார்த்தோம், யாரும் கணக்கில் சேர்க்கலை. அப்புறம் 2020-ல் கொரோனா வந்து விளம்பரங்களை அப்படியே நிறுத்தியது.

இன்னொண்ணு, ஐபிஓ ஆவணத்தில் "திரட்டும் பணம் எதுக்கு" என்று ஒரு பகுதி வரும். இந்த ஐபிஓ-வில் முக்கிய நோக்கம் ஏற்கனவே இருந்த கடன் பத்திரங்களையும் தாய்க் கம்பெனிக்குத் தர வேண்டிய கடனையும் அடைப்பது. கடனை அடைப்பது நல்லதுதான். ஆனால் நம்ம பணம் புது ஸ்டேஷன் கட்டப் போகுது என்ற கற்பனை வேண்டாம்.

லைசென்ஸ் விலையையும் ஒரு நிமிஷம் யோசிங்க. 2015 ஏலத்தில் பெங்களூரின் ஒரே ஒரு அலைவரிசை 100 கோடிக்கு மேல் போனது. லைசென்ஸ் 15 வருஷத்துக்கு. 100 கோடி என்றே வைத்தாலும் ஒரு நாளைக்கு சுமார் 1.8 லட்சம் ரூபாய். கரண்ட் பில், ஆர்ஜே சம்பளம், டவர் வாடகை, பாட்டுக்கான ராயல்டி எல்லாம் இதுக்கு மேலே. சொந்தமாகச் செய்தி வாசிக்கவும் அனுமதி கிடையாது. மூன்றாம் கட்டத்தில் ஆல் இந்தியா ரேடியோ செய்தியை மாற்றாமல் அப்படியே ஒலிபரப்பலாம் என்றாங்க, அவ்வளவுதான். எல்லாரும் அதே சினிமாப் பாட்டு, அதே பேச்சு. வித்தியாசம் காட்ட இடமே இல்லாத தொழிலில் விலையை ஏற்றுவது கஷ்டம்.

1,050 கோடி, 261 கோடி

2019 மே மாதம் ஜாக்ரன் குழுமத்திலிருந்து இன்னொரு அறிவிப்பு வந்தது. 58 நிலையங்கள் கொண்ட பிக் எஃப்எம்மை, அதாவது ரிலையன்ஸ் பிராட்காஸ்ட் நெட்வொர்க்கை, ரேடியோ சிட்டி வாங்கப் போகுது. மதிப்பு 1,050 கோடி ரூபாய். முதலில் 202 கோடிக்கு 24 சதவீதப் பங்கு, அரசு அனுமதி வந்த பிறகு மீதி. எஃப்எம் லைசென்ஸ் வைத்திருக்கும் கம்பெனி கை மாற தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் ஒப்புதல் வேணும். டீல் கடைசிவரை முடியவே இல்லை.

2023-ல் பிக் எஃப்எம் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. 2024 மே மாதம் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம் சஃபையர் மீடியாவின் திட்டத்தை ஏற்றது. தொகை சுமார் 261 கோடி. அஞ்சு வருஷத்தில் 1,050 எங்கே, 261 எங்கே! ஒண்ணு கடனும் சேர்த்த மதிப்பு, இன்னொண்ணு திவால் தீர்வுத் தொகை. இரண்டையும் அப்படியே கழிக்கக் கூடாது என்பது சரிதான். ஆனால் திசை எந்தப் பக்கம் என்பதில் சந்தேகமே இல்லை. வானொலியில் கேட்கிறவருக்கோ எந்த மாற்றமும் தெரியலை. அதே 92.7 தான்.

உங்க கம்பெனி இப்படிக் கை மாறினால்? சிப்காட்டில் சின்ன ஆட்டோ உதிரிபாகக் கம்பெனிகள் விற்கப்படுவது புதுசு இல்லை. கம்பெனியின் பங்குகளை மட்டும் வேறொருவர் வாங்கினால், சட்டப்படி உங்க முதலாளி அதே கம்பெனிதான். சர்வீஸ் தொடரும். ஆனால் யூனிட்டை மட்டும் தனியாக வாங்கி, உங்களுக்குப் புது அப்பாயின்ட்மென்ட் லெட்டர் கொடுத்தால் அங்கேதான் கவனம். பழைய சர்வீஸ் தொடர்கிறது என்று எழுத்தில் இருக்கணும். இல்லாவிட்டால் கிராஜுவிட்டிக்கான வருஷக் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும் ஆபத்து இருக்கு. பிஎஃப் பாஸ்புக்கைத் திறந்து மாதாமாதம் பணம் ஏறுதா என்று பாருங்க. கம்பெனி கலைப்பு வரை போனால், தொழிலாளர்களின் 24 மாச பாக்கி பிணையுள்ள கடன்காரர்களோடு சமவரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாச பாக்கிதான், அதுவும் அதுக்கு அடுத்த வரிசையில். நீங்க எந்தப் பிரிவு என்பது அன்னைக்குப் பெரிய விஷயம். பிஎஃப், கிராஜுவிட்டி நிதியில் இருக்கும் பணத்தில் கடன்காரர்கள் கை வைக்க முடியாது. பங்குதாரர் வரிசையில் கடைசி.

முன்கூட்டியே பணம் கட்டிய வாடிக்கையாளரும் கிட்டத்தட்ட அந்தக் கடைசியில்தான் நிற்பார். வேர்ல்ட்ஸ்பேஸ் ஞாபகம் இருக்கா? உங்க வயசுக்கு இருக்காது, அண்ணன்மார்களைக் கேளுங்க. சந்தா கட்டிக் கேட்கும் சாட்டிலைட் ரேடியோ. இந்தியத் தலைமையிடம் பெங்களூர், விளம்பர முகம் ஏ.ஆர்.ரஹ்மான். கேஎல் ரேடியோ என்று தமிழுக்கே தனிச் சேனல், ராக், ஜாஸ் எல்லாமே விளம்பரத் தொல்லை இல்லாமல் வந்தது. அமெரிக்கத் தாய்க் கம்பெனி 2008-ல் திவாலுக்கு விண்ணப்பித்தது. 2009 டிசம்பர் 31-ஓடு இந்தியச் சேவை நின்றது. வருஷச் சந்தாவை முன்னாடியே கட்டியவங்க கையில் மிஞ்சியது ரிசீவர் பெட்டி மட்டும். "மூணு வருஷப் பிளான், 40 சதவீதம் தள்ளுபடி" என்று ஜிம்மும் கோச்சிங் ஆப்பும் கூப்பிடும்போது எனக்கு அந்தப் பெட்டிதான் கண்ணுக்கு வரும்.

அதுக்காகத் தெரிஞ்ச பிராண்டு எல்லாமே மோசம் என்று சொல்லலை. நம்ம ஓசூர் டைட்டனும் தெரிஞ்ச பிராண்டுதான், வைத்திருந்தவங்க நல்லாவே இருக்காங்க. போச்சம்பள்ளி ஃபேக்டரியைப் பார்த்து ஓலா எலெக்ட்ரிக் ஐபிஓ-வில் 76 ரூபாய்க்கு வாங்கி, அதே 2024 ஆகஸ்டில் 157 வரை போனதையும் பார்த்து, 2025-ல் வாங்கின விலைக்குக் கீழே நிற்பவங்களும் நம்ம ஊரில்தான் இருக்காங்க.

கடைசியாக, பழைய டீமேட்டில் இப்படி ஒரு ஐபிஓ லாட் தூங்கிக்கிட்டு இருந்தால் ஒரு வரி விஷயம். நீண்டகால மூலதன நஷ்டத்தை நீண்டகால லாபத்தில் மட்டும்தான் கழிக்க முடியும். கழிக்க லாபம் இல்லைன்னா எட்டு வருஷம் வரை முன்னெடுத்துப் போகலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்திருக்கணும். போனஸ் ஷேருக்கு வாங்கிய விலை பூஜ்யம் என்பதை மறக்காதீங்க. மேலே சொன்ன 281-ல் 56 போனஸ். பத்து ரூபாய்க்கு விற்றால் 225 ஷேரில் 12,735 ரூபாய் நஷ்டம், அந்த 56-ல் 560 ரூபாய் லாபம். நிகர நஷ்டம் 12,175. ஈக்விட்டி ஃபண்டில் இந்த வருஷம் 1.25 லட்சத்துக்கு மேல் நீண்டகால லாபம் எடுத்தவர் என்றால், இதை மார்ச் 31-க்குள் விற்பது 12.5 சதவீத வரியில் சுமார் 1,500 ரூபாயை மிச்சப்படுத்தும்.