பின் பெட்டியை மாற்றிய கதை

ஜேர்மனியில் ஒரு காலத்தில் ரக்சி என்றாலே பென்ஸ் 123 தான். 1976 இல் அறிமுகமாகி 1986 தொடக்கம் வரை ஏறத்தாழ 27 இலட்சம் கார்கள் செய்தார்கள். அதில் ஒன்று, 1982 ஆம் ஆண்டு 240 டி டீசல் கார், எங்களுடன் வேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் இருக்கிறது. நாலு கியர், 72 குதிரைவலு. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவுட்டோபானில் 100 இல் போனால் பின் சீற்றில் இருப்பவர் சொல்வது முன்னால் கேளாது. அந்தச் சத்தத்தைக் குறைக்கப் போய் 2017 இல் நாங்கள் மூன்று பேர் பட்ட பாட்டை எழுதினால், பழைய கார் வாங்க நினைக்கும் புதுக் குடும்பங்களுக்கு உதவும்.

சத்தத்துக்குக் காரணம் எஞ்சின் அல்ல, பின்னால் இருக்கும் டிபரன்சியல் பெட்டி. அதில் 3.69 என்று இருந்தால், நடுத்தண்டு 3.69 தரம் சுற்ற சில்லு ஒரு தரம் சுற்றும். இந்தக் காரின் ரயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.95 மீற்றர் ஓடும். 100 கிலோ மீற்றர் வேகத்தில் சில்லு நிமிடத்துக்கு 855 சுற்று. நாலாம் கியரில் எஞ்சினும் நடுத்தண்டும் ஒரே சுற்று. ஆகவே 855 ஐ 3.69 ஆல் பெருக்கினால் எஞ்சின் ஏறக்குறைய 3150 சுற்று. அதே 123 வரிசையின் டர்போ டீசலில் வந்தது 3.07. அதைப் போட்டால் 2625 தான். இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தவுடன் எங்களுக்குத் தலை கால் தெரியவில்லை.

பழைய கார் உடைக்கும் இடத்தில் ஒரு பெட்டி கிடைத்தது. எண்ணை நம்பி வாங்கக்கூடாது. ஒரு பக்கச் சில்லை அசையாமல் பிடித்து, மற்றதை இரண்டு முழுச்சுற்று சுற்றி, நடுத்தண்டு எத்தனை தரம் சுற்றுகிறது என்று எண்ணினால் விகிதம் வந்துவிடும். சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டால் போதும்.

கழற்றும் வேலை ஒரு சனி முழுக்க எடுத்தது. காரைத் தாங்குகால்களில் ஏற்றாமல் ஜாக்கை மட்டும் நம்பி யாரும் அடியில் படுக்க வேண்டாம். ஒயில் இறக்க முன்னர் மேலே உள்ள நிரப்பும் அடைப்பைத் திறந்து பாருங்கள். அது இறுகி நின்றால், கீழே ஒயிலை விட்டபின் திரும்ப ஊற்ற வழியில்லாமல் கார் அப்படியே நிற்கும். இரண்டுக்கும் 14 மில்லிமீற்றர் அலன் சாவி. பின் மூடியைக் கழற்றினால் அரைத்தண்டுகளைப் பிடிக்கும் வளையங்கள் தெரியும். அவை பல தடிப்பில் வருவதால் எது எந்தப் பக்கம் என்று குறித்து வைக்க வேண்டும். பெட்டியோ வயிற்றில் விழுந்தால் எழும்ப மாட்டோம், அவ்வளவு பாரம்.

மாற்றி ஓடிப் பார்த்தோம். பட்டுப் போல! அண்ணைக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

இரண்டு கிழமையில் படத்துடன் ஒரு கடிதம் வந்தது. 50 வீதியில், கழிவு போக 55. "எடேய், முள்ளு ஐம்பதைத் தாண்டவே இல்லையடா" என்று அண்ணை சத்தியம் பண்ணினார். பிழை அவரில் இல்லை, எங்களில். வேகமானி கியர் பெட்டியிலிருந்து சுற்றை எடுக்கிறது. பின் பெட்டி மாறியது அதற்குத் தெரியாது. 3.69 ஐ 3.07 ஆல் வகுத்தால் 1.2. சில்லு ஐந்தில் ஒரு பங்கு கூட ஓட, முள்ளு பழைய கணக்கிலேயே நின்றது. உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டும் வேகமானியுடன் இங்கே ஓடவே கூடாது, அது சட்டம். பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் கார். அந்த இரண்டு கிழமையும் என்ன நடந்திருக்கலாம் என்று யோசித்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. வாகனப் பரிசோதகரிடம் முதலே கேட்டிருக்க வேண்டும். நாங்கள் பிறகுதான் போனோம்.

முள்ளைத் திருத்திக்கொண்டு, கோடையில் ஹம் காமாட்சி அம்பாள் தேருக்கு அண்ணை குடும்பம் புறப்பட்டது. ஐந்து பேர், சாப்பாட்டுச் சட்டி, புடவைப் பெட்டி. காசலுக்குத் தெற்கே ஏ7 மலையில் கார் மூச்சு விட்டது. சில்லுக்குப் போகும் இழுவை பழையதைவிட 17 வீதம் குறைவு. டர்போ எஞ்சினுக்கு அது பொருட்டல்ல, 72 குதிரைக்குப் பொருட்டு. மூன்றாம் கியரில் லொறிகளுக்குப் பின்னால் ஊர்ந்தார்கள். அம்மம்மா, "தேர் இதைவிடக் கெதியாப் போகும்" என்றாவாம்.

கடைசியில் 300 டி இல் இருந்து எடுத்த 3.46 ஐப் போட்டோம். 100 இல் 2960 சுற்று, இழுவையில் 6 வீதம்தான் இழப்பு. இம்முறை பரிசோதகரிடம் முதலே கேட்டு, பெட்டி மாற்றிய அன்றே வேகமானியையும் கடையில் திருத்திக்கொண்டோம். எங்கள் எண்ணத்தில் பாரமேற்றி ஓடும் 240 டி க்கு இதற்கு மேல் போகக்கூடாது. மலை இல்லாத இடத்தில் தனி ஆளாக வேலைக்கு ஓடுபவர் வேண்டுமானால் 3.07 ஐ யோசிக்கலாம்.

அந்த 3.07 பெட்டி இன்னும் அண்ணையின் நிலவறையில் கிடக்கிறது. டர்போக் கார் வைத்திருப்பவர் வந்து கொண்டு போகலாம். இரண்டு பேராக வாருங்கள்.