உங்களுக்குத் தெரியுமா? விசையில் தொங்கும் அரைக் கிலோ!

கீரனூர்க் காய்கறிக் கடையில் தக்காளி நிறுக்கும் அதே அரைக் கிலோவுக்கு ஒலிம்பிக்கிலும் வேலை உண்டு. 10 மீட்டர் ஏர் பிஸ்டலின் விசையில் 500 கிராம் எடையை மாட்டி, குழல் வானம் பார்க்கத் தூக்குவார்கள். விசை நழுவாமல் தாங்கினால்தான் பிஸ்டலுக்கு அனுமதி. இழுப்பு கனத்தால் குறி அசையும். அதனால் பலரும் அந்த வரம்பை ஒட்டியே விசையைத் திருகி வைக்கிறார்கள். சுடுவதோ ஒற்றைக் கையால். 10 புள்ளிக்குரிய நடுவட்டம் 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவுதான்!

2021-ல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் பிரிவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் போட்டி நடுவே பழுதானது. 2 புள்ளியில் இறுதிச்சுற்று கைநழுவியது; பார்த்த நமக்கே நெஞ்சு வலித்தது. 2024 பாரிஸில் அதே பிரிவில் வெண்கலம் வென்றார்.