பிய்த்து ஒட்டாத கட்டடங்கள்

கட்டடக்கலை படிக்கும் பி.ஆர்க். மாணவர்கள் இரண்டு வகை மாடல் செய்வார்கள். வெட்டி, ஒட்டி, பிடிக்காமல் பிய்த்து, மறுபடியும் ஒட்டுவது ‘ஸ்டடி மாடல்’. மதிப்பெண் போடும் ஜூரி முன்னால் பளிச்சென்று வைப்பது ‘ஃபைனல் மாடல்’. வடிவமைப்பு கைக்கு வருவது முதலாவதில்தான். அதுதான் இன்று ஸ்டுடியோக்களிலிருந்து மறைந்துகொண்டிருக்கிறது.

அந்த இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது. ஸ்கெட்ச்அப் மென்பொருளில் ஒரு செவ்வகத்தை இழுத்தால் சுவர் எழும்பிவிடும். தாங்க ஒன்றுமில்லாத பால்கனி அந்தரத்தில் நிற்கும். ஏன் என்று மென்பொருள் கேட்காது. அதே பால்கனியை மவுன்ட் போர்டு அட்டையில் செய்தால் பசை காய்வதற்குள் தொங்கிவிடும். அட்டையின் பலமும் கான்கிரீட்டின் பலமும் ஒன்றல்ல என்றாலும், கீழே தூண் வைப்பதா, ஸ்லாபை உள்ளே நீட்டுவதா என்ற கேள்வி அப்போதுதான் பிறக்கிறது.

பார்சிலோனாவுக்கு அருகே, கொலோனியா குயெல் தேவாலயத்துக்காக கட்டடக்கலைஞர் அந்தோனி கௌடி செய்த மாடலைப் பாருங்கள். 1:10 அளவில் கயிறுகளைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, ஈயக் குண்டுகள் நிரப்பிய சிறு பைகளைச் சுமையாகக் கட்டினார். ஒரு பையை நகர்த்தினால் மொத்தக் கயிறுகளும் புது வளைவுக்கு மாறும். அதைப் படமெடுத்துக் கவிழ்த்தால், சுமையை வளையாமல் இறக்கும் வளைவுகளும் சாய்ந்த தூண்களும் கிடைத்தன. ஆண்டுக்கணக்கில் இதைச் செய்தார். 1908-ல் தொடங்கிய கட்டுமானம் 1914-ல் நின்று, நிலவறைப் பகுதி மட்டுமே எழுந்தது. ஆனால் அங்கே கற்றது அவருடைய சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்குப் போனது.

நம் ஊர் வெயிலும் இப்படிப் பாடம் நடத்தும். சென்னை இருப்பது சுமார் 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். வடக்கு ஜன்னலுக்கு வெயில் வராது என்று ஐரோப்பியப் புத்தகத்தை நம்பி வரைந்தவர், மாடலைத் திசை பார்த்து ஜூன் மாத மொட்டை மாடியில் வைத்தால் போதும், சன்ஷேடு எங்கே வேண்டும் என்று தெரிந்துவிடும். மென்பொருளும் இதைக் காட்டும், ஊரைச் சரியாகக் கொடுத்தால்.

விஆர் கண்ணாடி போட்டு முழு அளவு அறைக்குள் நடக்கலாம், அந்த அனுபவத்தை அட்டையால் தர முடியாது என்பார்கள். உண்மைதான்; ஆனால் அது பிய்த்து ஒட்டும் வேலைக்கு மாற்றாகாது.

திரையைவிடப் பெரிய கவலை ஒன்று எனக்கு உண்டு. கணினிக் கோப்பைக் கடையில் கொடுத்தால் லேசரில் வெட்டித் தருகிறார்கள்; காசு கூடக் கொடுத்தால் ஒட்டியும் தருகிறார்கள். மாணவர் கை படாமலே ஒரு மாடல் ஜூரி மேஜைக்கு வந்துவிடுகிறது. பக்கத்தில், விடிய விடிய உட்கார்ந்து சொந்தக் கையால் ஒட்டிய பிள்ளையின் மாடல் பசைக் கறையோடு கோணலாகத் தெரிகிறது. பெற்றோரிடம் பணம் இல்லாத பிள்ளைக்கு இது இரட்டை அநியாயம். கடைக்காரரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. பளபளப்புக்கு மதிப்பெண் போடுவது ஜூரியில் உட்காரும் நாம்தான். ஜூரி இனி ஃபைனல் மாடலைத் தொடும் முன்பே, பிய்த்துப்போட்ட ஸ்டடி மாடல்களை எடுத்து வைக்கச் சொல்லட்டும். எதை ஏன் மாற்றினாய் என்று கேட்டு, பாதி மதிப்பெண்ணை அந்தப் பதிலுக்குக் கொடுக்கட்டும்.