இளஞ்சிறார் கல்வியும் மனப்பாடச் சுமையும்

திருச்சிராப்பள்ளியினின்று மதுரைக்குச் செல்லும் பெருவழியில், விராலிமலையைக் கடந்து சிறிது தொலைவு சென்றால் கொடும்பாளூர் என்னும் பழம்பதியை அடையலாம். இருக்குவேளிர் குடியினரின் தலைநகராய் விளங்கிய அவ்வூரிலுள்ள மூவர் கோயிலைக் காண அண்மையில் யாம் சென்றிருந்தோம். ஆங்கு ஆறு வயதிருக்கத்தக்க சிறுவன் ஒருவன் கோயிலின் நிழலில் புத்தகமும் கையுமாய் அமர்ந்து, நினைவுச்சின்னம் என்பது யாது என்னும் வினாவிற்குரிய விடையை ஆங்கிலத்தில் உரக்க ஓதிக்கொண்டிருந்தான். ஒரு சொல்லும் தவறவில்லை. "தம்பி, அப்படிப்பட்ட நினைவுச்சின்னம் ஒன்றைக் காட்டு, பார்ப்போம்" என்றோம். அவன் ஏட்டைப் புரட்டித் தாஜ்மகாலின் படத்தின்மேல் விரலை வைத்தான். அவன் முதுகுப்புறத்தே ஆயிரம் ஆண்டு கண்ட கற்றளி நின்றது.

அச்சிறுவனை நகைத்தற்கு யாதொன்றும் இல்லை. தன் புத்தகம் கற்பித்தவாறே அவன் விடையிறுத்தான். சொல் முன்னரும் பொருள் பின்னருமாக, அல்லது பொருள் வாராமலே, இளஞ்சிறார்க்குக் கல்வி புகட்டப்படுவது எவ்வாறு நேர்ந்தது என்பதே ஆராயத்தக்கது.

உருப்போடும் வழக்கத்தைக் கண்டிப்போர் பலரும், இது பழைய திண்ணைப் பள்ளிக்கூடங்களின் எச்சம் என்பர். இக்கூற்று ஓரளவே பொருந்தும். அப்பள்ளிகளில் மனப்பாடம் மிகுதியாகவே இருந்தது. எண்சுவடி முழுவதும் வாய்ப்பாடமாயிற்று. ஆயினும், அவர்கள் ஓதியன யாவை என்று நோக்குதல் வேண்டும். முந்திரி என்பது ஒன்றில் 320இல் ஒரு பங்கு. காணி 80இல் ஒரு பங்கு. மா 20இல் ஒரு பங்கு. வீசம் 16இல் ஒரு பங்கு. இவை அச்சிறார் களத்துமேட்டிலும் கடைத்தெருவிலும் நாடோறும் கேட்ட சொற்கள். நெல்லிலக்கம் ஓதியவன் வீட்டில் மரக்காலும் படியும் இருந்தன. குழிமாற்று ஓதியவன் தந்தையோடு சென்று நிலம் அளப்பதைக் கண்டிருப்பான். அங்கே நினைவு என்பது அறிவுக்கு மாற்றாக நில்லாது, அறியும் வழிகளுள் ஒன்றாகவே இருந்தது என்று, திண்ணைப் பள்ளிக் கணிதத்தை ஆராய்ந்த செந்தில் பாபு எடுத்துக் காட்டியுள்ளார்.

அப்பள்ளிகளைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது எம் கருத்தன்று. பிரம்பும் கோதண்டமும் அவற்றில் இருந்தன. பெண்மக்களுக்கும் தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டோர் மக்களுக்கும் அத்திண்ணைகளில் பெரும்பாலும் இடமில்லை. எனினும் அவற்றில் ஒரு நன்மை இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் வேகத்திற்கேற்ப முன் சென்றது; ஒரே நாளில் ஒரே பாடத்தை ஐம்பது பிள்ளைகளும் முடித்தாக வேண்டும் என்னும் விதி இல்லை. சென்னை எழும்பூரில் படைவீரர்தம் ஆண்மக்களுக்கென 1789இல் ஏற்பட்ட அநாதை விடுதியை நடத்திய ஆண்டுரு பெல் என்னும் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் சிறார் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் விடுதியிற் புகுத்தினார். மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையையும் அதனோடு சேர்த்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். அது 'சென்னை முறை' என்று இங்கிலாந்தில் பெயர் பெற்றது. மணலில் எழுதிய சிறுவன் தவறினால், உள்ளங்கையால் அழித்துவிட்டு மீண்டும் எழுதலாம். இக்காலத்து மழலையர் வகுப்பிலுள்ள மூன்று வயதுக் குழந்தைக்கு அத்துணைச் சலுகையும் இல்லை.

பின்னர் நேர்ந்த மாறுதலே நம் கருத்துக்கு உரியது. தேர்ச்சிக்கேற்பப் பள்ளிக்கு மானியம் அளிக்கும் முறை இங்கிலாந்தில் 1862இல் ஏற்பட்டது. நம் சென்னை மாகாணத்திலும் அம்முறை நடைபெற்றது. 1882இல் அமைந்த ஹண்டர் கல்விக் குழுவும் தொடக்கப் பள்ளிகட்கு அதனையே பரிந்துரைத்தது. ஆய்வாளர் வரும் நாளில் பிழையின்றி ஒப்பித்த பிள்ளை பள்ளிக்குப் பொருள் ஈட்டித் தந்தது. தடுமாறிய பிள்ளை இழப்பாயிற்று. உபாத்தியாயர் என் செய்வார்? ஆய்வாளர் கேட்கக்கூடியதையே ஓதுவித்தார். 1904இல் இந்திய அரசாங்கம் வெளியிட்ட கல்வித் தீர்மானம் அம்முறையைக் கைவிட்டது. முறை ஒழிந்தும் அதன் பழக்கம் ஒழியவில்லை. அன்று ஆய்வாளர் இருந்த இடத்தில் இன்று கட்டணம் செலுத்தும் பெற்றோர் இருக்கின்றனர். விருந்தினர் முன்னிலையில் குழந்தை ஆங்கிலத்தில் ஒப்பிக்கக் கேட்டு மகிழாத வீடு நம் நாட்டில் அரிது.

இனி வயதைப் பற்றிச் சிறிது கூறுவோம். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தைக்கு அவை யாவும் குருத்தெலும்பே. மூன்று வயதில் ஏறத்தாழ மூன்றே எலும்பாக உறைந்திருக்கும். ஆறு, ஏழு வயதளவில் ஏழு உறையும். எட்டாவது பின்னும் சில ஆண்டுகள் கழித்தே உறையும். அக்கையில் எழுதுகோலைத் திணித்து, இருகோட்டு ஏட்டில் பக்கம் பக்கமாக எழுதுவித்தல் தகுமா என்பதை அன்னையர் எண்ணிப் பார்த்தல் நன்று. கைக்குரியது கருத்துக்கும் பொருந்தும். அம்மா, ஆடு, மாடு என்பனவற்றைக் கண்டும் கூப்பிட்டும் பழகிய குழந்தைக்கு அச்சொற்களின் வழியே எழுத்து எளிதில் வரும். 247 எழுத்துக்களையும் வரிசையாக ஒப்பித்த பின்னரே ஒரு சொல்லைப் படிக்கலாம் என்று நிறுத்தி வைப்பது வீண் காலக்கழிவு. பாட்டும் விளையாட்டுக் கதையும் குழந்தை தானே நினைவிற் கொள்ளும். அதனை யாரும் குறைகூறுவதில்லை. தானறியாப் பொருளை, தானறியா மொழியில், தேர்வுக்கென ஓதுவிப்பதே கொடுமை.

இக்குறையை அறிந்தோர் இல்லாமலில்லை. சென்னையிற் பிறந்த நாவலாசிரியர் ஆர். கே. நாராயண், மாநிலங்களவையில் 1989இல் ஆற்றிய தம் கன்னிப்பேச்சில் அரசியல் ஒன்றும் பேசாது, சிறார் முதுகிற் சுமக்கும் புத்தகப் பையைப் பற்றியே பேசினார். அதன் பயனாக யஷ்பால் தலைமையில் அமைந்த குழு, 1993இல் தன் அறிக்கையை அளித்தது. பையின் எடையைக் காட்டினும், கற்பது விளங்காமையே பெருஞ்சுமை என்பது அக்குழு கண்ட முடிபு. நம் மாநிலத்தில் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிப் பின்னர் எங்கும் பரவியது. அட்டைகளையும் ஏணிப்படிகளையும் கொண்டு ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் செல்லலாம் என்னும் அதன் கொள்கை, திண்ணைப் பள்ளியின் அந்நன்மையை ஒருவாறு மீட்டதெனலாம். 2018ஆம் ஆண்டு மே மாதம் சென்னை உயர்நீதிமன்றம், முதல் இரண்டு வகுப்புச் சிறார்க்கு வீட்டுப்பாடம் கூடாதென்று ஆணையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் நடுவண் அரசு, அவ்விரு வகுப்பினரின் பை ஒன்றரைக் கிலோவுக்கு மேற்படலாகாது என்று வரையறுத்தது. ஆயினும் மறு ஆண்டே ஐந்தாம் வகுப்பிற்கும் எட்டாம் வகுப்பிற்கும் பொதுத்தேர்வு நடத்தத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. பெரும் எதிர்ப்பின் பின்னர், 2020 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொதுத்தேர்வு!

புதுக்கோட்டை மாவட்டத்தார் இதனைப் பிறரிடம் கற்க வேண்டுவதில்லை. 1991இல் இங்கு எழுந்த அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்டிரும் வயலில் உழைக்கும் பெண்டிரும் எழுத்தறிந்தனர். அவர்கட்கு அரிச்சுவடியை ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவர்தம் தொழிலும் கூலியும் தண்ணீரும் பற்றிய சொற்களே முதற்பாடமாயின. பல்லாயிரம் பெண்கள் அக்காலத்தில் மிதிவண்டி ஓட்டவும் பழகினர். வளர்ந்தோர்க்கு அளித்த இச்சலுகையை அவர்தம் பேரப்பிள்ளைகட்கு ஏன் மறுத்தல் வேண்டும்?

மூவர் கோயிலையே பாடமாகக் கொள்வோம். பூதி விக்கிரமகேசரி என்னும் வேள், தன் பெயராலும் கற்றளி, வரகுணை என்னும் தன் தேவியர் இருவர் பெயராலும் எடுப்பித்த மூன்று கோயில்களுள் இரண்டே இன்று நிற்கின்றன. மூன்றாவதன் அடித்தளம் மட்டும் எஞ்சியுள்ளது. ஆறு வயதுப் பிள்ளை இவற்றை எண்ணட்டும். மூன்றில் ஒன்று போக இரண்டு என்பது கண்முன் நிற்கும். ஒன்பது வயதில் கயிறு கொண்டு அடித்தளத்தை அளந்து, மற்றை இரண்டோடு ஒப்பிட்டு, மறைந்த கோயில் எத்துணைப் பெரிதாயிருந்திருக்கும் என்று கூறட்டும். பதினான்கு வயதில், அவ்வேளின் காலம் ஒன்பதாம் நூற்றாண்டோ பத்தாம் நூற்றாண்டோ என்று அறிஞர் மாறுபடுவதற்குரிய காரணங்களைக் கேட்கட்டும். கல் ஒன்றே, வயதுக்கேற்ப வினாதான் வேறு. பதினான்கு வயதிற்குரிய விடையைச் சுருக்கி ஆறு வயதிற்குத் தருவதையே நம் பாடப்புத்தகங்கள் பல செய்கின்றன.

அச்சிறுவனையும் அன்று அழைத்துச் சென்று எண்ணச் சொன்னோம். இரண்டு என்றான். அடித்தளத்தைக் காட்டியதும் அதன்மேல் ஏறிச் சுற்றி நடந்து, "இதை யார் இடித்தது?" என்று கேட்டான். அதற்குள் அவன் அன்னையார் வந்து, திங்கட்கிழமை தேர்வு என்று கூறி அவனை அழைத்தார். வீட்டுப்பாடம் பற்றிய நீதிமன்ற ஆணையை அவருக்கு எடுத்துரைத்தோம். அவர் அதனை அறிந்திலர். சிறிது எண்ணிப் பார்த்து, "மற்றப் பிள்ளைகள் எல்லாம் படிக்கும்போது என் பிள்ளை மட்டும் சும்மா இருக்கலாமா, ஐயா?" என்றார். அவ்வினாவிற்கு அப்பொழுது எம்மிடம் விடை இல்லை. சிறுவன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் பின்னே சென்றான்.