பத்தரை மணிக் கேள்விகள்

“சூட்டிகையான பிள்ளைக்குத் தூக்கம் கம்மியாத்தான் இருக்கும், விடு” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் சொல்வதை மதுரையில் அடிக்கடி கேட்கலாம். பிள்ளைக்கு நாலு வயதுதான் ஆகிறது. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பஸ்ஸின் நம்பரைச் சொன்னால், எந்த ஊருக்குப் போகும் என்று சொல்லிவிடுகிறது. அந்தப் பிள்ளைதான் இரவு பத்தரைக்கும் கண்ணை மூடமாட்டேன் என்கிறது. தண்ணீர் வேண்டும், ஒண்ணுக்கு வருகிறது, பல்லி ஏன் கீழே விழவில்லை, செத்துப்போன தாத்தாவுக்கு இப்போது பசிக்குமா என்று ஒன்று முடிந்தால் இன்னொன்று. அம்மாவுக்குப் பாதிப் பெருமை, பாதி அலுப்பு. டீயைக் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் உட்காருங்கள். இதில் எது பிள்ளையின் அறிவு, எது தூக்கக் கேடு என்று பிரித்துப் பார்ப்போம்.

முதலில் அந்த ஆறுதல் பேச்சு. 1920-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் லூயிஸ் டெர்மன், கலிஃபோர்னியாவில் அறிவுத்திறன் மிகுந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்பிடித்து, அவர்கள் படிப்பு, விளையாட்டு, தூக்கம் எல்லாவற்றையும் குறித்துவைத்தார். 1925-இல் வந்த முதல் தொகுதியிலேயே விடை இருக்கிறது: அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே தூங்கினார்கள். ஆக, கெட்டிக்காரப் பிள்ளைக்குத் தூக்கத்தில் சலுகை கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்ன அளவு இது: ஒன்று, இரண்டு வயதில் 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். பகல் தூக்கத்தையும் சேர்த்துத்தான். பதினொரு மணிக்குத் தூங்கி, ஸ்கூல் வேனுக்காக ஆறரைக்கு எழுப்பப்படும் எல்.கே.ஜி. பிள்ளைக்குக் கிடைப்பது ஏழரை மணி நேரம். பகலில் தூங்காவிட்டால் குறைந்த அளவுக்கே இரண்டரை மணி நேரம் துண்டு விழுகிறது.

இந்தத் துண்டு நம் கண்ணில் படுவதில்லை. தூக்கம் போதாத பெரியவர் கொட்டாவி விடுவார். பிள்ளையோ கட்டிலில் ஏறிக் குதிக்கும், ஒன்றுமில்லாததற்குச் சிரிக்கும், ரப்பர் காணோம் என்று அரை மணி நேரம் அழும். அசதியை நாம் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொண்டு இன்னும் அரை மணி நேரம் விளையாடவிடுகிறோம்.

தூக்கம் எப்படி வருகிறது என்று தெரிந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். 1982-இல் அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் தெளிவாக எடுத்துச்சொன்ன கணக்கு இது. தூக்கத்தை இரண்டு விஷயங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்க விழித்திருக்க மூளையில் சேர்ந்துகொண்டே போகிற அசதி. மொட்டைமாடித் தொட்டி நிரம்புவதுபோல அடினோசின் என்ற பொருள் ஏறிக்கொண்டே வரும், தூங்கினால் வடியும். இன்னொன்று, மூளைக்குள் ஓடும் கடிகாரம். பொழுது சாய்ந்த பிறகு அது மெலடோனின் என்ற தூக்க ஹார்மோனைச் சுரக்கச் சொல்கிறது. தொட்டியும் நிரம்பி, கடிகாரமும் அடித்தால்தான் நல்ல தூக்கம் வரும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. தூங்கும் நேரத்துக்கு முந்திய ஓரிரு மணி நேரத்தில் உடம்பு நன்றாக முழித்துக்கொள்கிறது. 1986-இல் பெரெட்ஸ் லாவி என்ற ஆய்வாளர் இதை ஆராய்ந்து, தூக்கம் எளிதில் நுழைய முடியாத பொழுது என்றே சொன்னார். அந்தப் பொழுதில் பிள்ளையைப் படுக்கவைத்துக் “கண்ணை மூடு” என்றால் அதனால் முடியாது. சும்மா கிடக்கிற மந்தமான பிள்ளை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். மூளை துறுதுறுவென்று ஓடுகிற பிள்ளை அந்த நேரத்தையெல்லாம் கேள்வியாக்கிவிடும். அடம் என்று நாம் பெயர் வைப்பதில் பெரும்பகுதி, இன்னும் அடிக்காத கடிகாரத்தின் வேலை.

தொட்டியையும் கடிகாரத்தையும் கெடுப்பவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. நாலரை மணிக்குப் பள்ளிவிட்டு வந்து ஆறு மணிவரை தூங்கினால், நிரம்பிய தொட்டி வடிந்துவிடும். பகல் தூக்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அங்கன்வாடியில் மதியச் சாப்பாடு முடிந்ததும் பாய் விரித்துப் படுக்கவைக்கிறார்களே, அதுதான் சரியான நேரம். மாலையில் வடையோடு சேர்த்துப் பிள்ளைக்கும் கொஞ்சம் டீ ஊற்றிக் கொடுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. டீயிலுள்ள காஃபின், அடினோசின் போய் உட்கார வேண்டிய இடத்தில் தான் உட்கார்ந்துகொள்ளும். அசதி இருந்தும் மூளைக்குத் தெரியாது. இந்த டம்ளர் உங்களுக்கு. பிள்ளைக்குப் பால் போதும்.

அடுத்தது வெளிச்சம். 2018-இல் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைகளைத் தூங்கும் நேரத்துக்கு முன் ஒரு மணி நேரம் பளிச்சென்ற வெளிச்சத்தில் விளையாடவிட்டார்கள். மெலடோனின் 88 சதவீதம் குறைந்துபோனது. விளக்கை அணைத்த பிறகும் உடனே மீளவில்லை. பிள்ளைகளின் கண்மணி பெரியது, உள்ளே இருக்கும் லென்ஸ் தெளிவானது. வெளிச்சம் நம்மைவிட அதிகமாக உள்ளே போகும். ஒன்பதரை மணிக்கு எரிகிற டியூப் லைட்டும், ஓடுகிற சீரியலும், கையில் கொடுத்த செல்போனும் பிள்ளையின் மூளைக்கு இன்னும் பகல்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கின்றன.

மதுரைக்கென்று தனியாக ஒரு கஷ்டமும் இருக்கிறது. மாசி வீதிகளில் கடை வைத்திருப்பவர், இரவு இட்லிக் கடை நடத்துபவர், ஆட்டோ ஓட்டுபவர் வீடு திரும்பப் பத்து, பத்தரை ஆகிவிடும். அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்காமல் பிள்ளை படுக்காது. ஊரின் நேரம் பிள்ளையின் நேரத்தை இழுக்கிறது. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, பல நாடுகளில் மூன்று வயதுக்குட்பட்ட சுமார் 29,000 பிள்ளைகளின் தூக்கத்தை விசாரித்தது. நியூசிலாந்தில் பிள்ளைகள் சராசரியாக இரவு ஏழரை மணிவாக்கில் படுத்தார்கள். ஹாங்காங்கில் பத்தேகாலுக்குமேல் ஆனது. அதனால் ஏழரைக்குப் படுக்கவைக்கச் சொல்லும் வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து நீங்கள் மனம் நோக வேண்டியதில்லை. தனி அறை, தனிக் கட்டில் வேண்டும் என்ற கவலையும் வேண்டாம். ஒரே அறையில் எல்லாரும் படுத்தாலும் பிள்ளை நன்றாகத் தூங்கும். அப்பாவின் நேரத்தை மட்டும் காலைக்கு மாற்றிப்பாருங்கள். எழுப்புவது, குளிப்பாட்டுவது, வேன்வரை கொண்டுபோய்விடுவது எல்லாம் அப்பாவின் வேலை என்று ஆகட்டும். காலையில் அப்பா நிச்சயம் கிடைப்பார் என்று தெரிந்த பிள்ளை, இரவில் காத்துக்கிடக்காது.

சரி, என்னதான் செய்வது? தூங்கா நகரம் என்கிறோம்; அந்த ஊரின் நடுவிலேயே தினமும் ஒரு தூங்கவைக்கும் சடங்கு நடக்கிறது. மீனாட்சியம்மன் கோயிலில் இரவுதோறும் சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் அம்மன் சன்னதிப் பள்ளியறைக்கு எழுந்தருளும். தீபம், பால் நிவேதனம், பாட்டு, பிறகு நடை சாத்துதல். வெளியே எவ்வளவு கூட்டம் இருந்தாலும் வரிசை மாறாது. பிள்ளைக்கு வேண்டியதும் அந்த மாறாத வரிசைதான். 2009-இல் ஜோடி மிண்டெல் என்ற உளவியலாளரும் சகாக்களும் நானூறுக்கும் மேற்பட்ட தாய்மார்களோடு இதைச் சோதித்தார்கள். குளியல், உடம்பு நீவிவிடுதல், அமைதியான தாலாட்டோ கொஞ்சலோ, பிறகு விளக்கை அணைத்தல் என்று தினமும் ஒரே வரிசை. இரண்டு வாரத்தில் பிள்ளைகள் சீக்கிரம் தூங்கினார்கள், நடுவில் விழிப்பது குறைந்தது, தாய்மார்களின் மனமும் தேறியது. நம் வீட்டில் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவி, பல் தேய்த்து, ஒண்ணுக்குப் போய்வந்து, ஜீரோ வாட்ஸ் பல்பைப் போட்டு, தெரிந்த கதை ஒன்றைச் சொன்னால் போதும். புதுக்கதை வேண்டாம், அடுத்து என்ன என்று மூளை முழித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் தளம் நடுராத்திரிவரை சூட்டை இறக்கும். மாலையிலேயே மாடியில் தண்ணீர் தெளித்து, இருப்பதில் காற்றோட்டமான மூலையில் பாயைப் போடுங்கள். உடம்புச் சூடு கொஞ்சம் இறங்கினால்தான் தூக்கம் ஏறும்.

நேரத்தை ஒரேயடியாக இழுக்காதீர்கள். பிள்ளை நிஜமாகத் தூங்குவது பத்தே முக்கால் என்றால் முதலில் பத்தரைக்கே படுக்கவையுங்கள். சண்டையில்லாமல் தூங்கப் பழகியதும், சில நாளுக்கு ஒருமுறை கால்மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். எழுப்பும் நேரம் மட்டும் ஞாயிற்றுக்கிழமையும் மாறக்கூடாது. எழுந்ததும் வாசலுக்குக் கூட்டிப்போங்கள்; காலை வெயில்தான் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது.

கேள்வி கேட்கும் பிள்ளைக்கு இரண்டு உபாயங்கள் உண்டு. ஒன்று சீட்டு. 1999-இல் அமெரிக்காவில் பேட்ரிக் ஃப்ரைமன் என்ற உளவியலாளரும் சகாக்களும் செய்துபார்த்தது. படுக்கும்போது பிள்ளை கையில் ஓர் அட்டைச் சீட்டு. அதைக் கொடுத்தால் ஒரே ஒருமுறை எழுந்து வரலாம். தண்ணீரோ, ஒரு முத்தமோ கேட்கலாம். சீட்டு தீர்ந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். சாமர்த்தியமான பிள்ளை இதை ரொம்ப நியாயமாக ஏற்றுக்கொள்ளும். எப்போது செலவழிப்பது என்று யோசித்து யோசித்து, சீட்டைப் பிடித்தபடியே தூங்கிவிடுவதும் உண்டு. இன்னொன்று, தலைமாட்டில் ஒரு நோட்டு. பல்லி ஏன் விழவில்லை என்று கேட்டால் பிள்ளை பார்க்க எழுதிவையுங்கள், “காலையில் சொல்றேன் தங்கம்” என்று சொல்லுங்கள், காலையில் மறக்காமல் பதில் சொல்லுங்கள். ஒருநாள் ஏமாற்றினாலும் அடுத்த நாள் நோட்டு செல்லாது. தாத்தாவைப் பற்றிய கேள்வி மட்டும் வேறு, அது பயம். அதை எழுதிவைக்காதீர்கள், அணைத்துக்கொண்டு அப்போதே பேசுங்கள். பூச்சாண்டி வருகிறான் என்று மிரட்டுவதையும் விடுங்கள். கற்பனை அதிகமுள்ள பிள்ளை அவனை நிஜமாகவே பார்க்கும்.

சில விஷயங்களுக்கு டாக்டர்தான் வேண்டும். தினமும் குறட்டை விட்டு, வாயால் மூச்சு விட்டால் டான்சிலும் அடினாய்டும் வீங்கியிருக்கலாம். படுத்ததும் கால் குறுகுறுக்கிறது, உதறுகிறது என்றால் இரும்புச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ரத்தசோகை என்கிறது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வு. தூங்கட்டும் என்று சளி சிரப் கொடுப்பதும், மெலடோனின் மிட்டாயை நாமாக வாங்கிக் கொடுப்பதும் கூடவே கூடாது. குளோர்ஃபெனிரமைனும் ஃபெனைலெஃப்ரினும் கலந்த சளி சிரப்பை நான்கு வயதுக்குட்பட்டவர்களுக்குத் தரக்கூடாது என்று 2023-இல் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே எச்சரித்தது.

இவ்வளவு பாடும் எதற்கு? 2013-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ரெபெக்கா ஸ்பென்சர், பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கின்றன என்று ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுத்தார். மதியம் தூங்கிய நாளில் படித்தது நினைவில் நின்றது. தூங்கவிடாத நாளில் நழுவிப்போனது, இரவுத் தூக்கமும் அதை மீட்டுத்தரவில்லை. பகலில் சேர்த்த பஸ் நம்பர்களும் வார்த்தைகளும் பிள்ளைக்குச் சொந்தமாவது தூக்கத்தில்தான். பிள்ளையின் அறிவுக்குப் பெருமைப்படுகிறவர்கள் முதலில் காக்க வேண்டியது அதன் தூக்கத்தை. எல்லாவற்றையும் இன்றைக்கே மாற்ற வேண்டாம். நாளைக் காலை குறித்த நேரத்துக்கு எழுப்பி வெயிலில் நிறுத்துங்கள், சாயங்கால டீயை நிறுத்துங்கள், எட்டரைக்கு டியூப் லைட்டை அணையுங்கள். இந்த மூன்றையும் இரண்டு வாரம் விடாமல் செய்துவிட்டு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.