65 கிராம்: ஒரு நாளிதழ்ப் பிரதியின் வரவு செலவு

பதினாறு பக்க நாளிதழ் ஒன்றைத் தராசில் வைத்தால் ஏறத்தாழ 65 கிராம் காட்டும். ரீலின் அகலம் 66 சென்டிமீட்டர், வெட்டு நீளம் 54.6 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அந்த ஒரு தாளில் முன்னும் பின்னுமாக நான்கு பக்கங்கள் அமையும். பத்திரிகைத் தாள் சதுர மீட்டருக்கு 45 கிராம் என்றால் ஒரு தாள் 16.2 கிராம், நான்கு தாள் 65 கிராம். அச்சகத்துக்கு அச்சகம் அகலமும் எடையும் கொஞ்சம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது.

வெகுஜன ஊடகம் பற்றிப் படிக்க வருகிற மாணவர்களுக்கு முதல் நாளே இந்தக் கணக்கைச் சொல்லித் தர வேண்டும் என்பது என் கட்சி. ஊடகம் ஜனநாயகத்தின் நான்காவது தூண் என்பதில் பாடம் தொடங்குகிறது. அந்தத் தூணுக்குச் செங்கல்லும் சிமென்ட்டும் யார் காசில் வருகின்றன என்ற பேச்சு இரண்டாம் ஆண்டில்தான், அதுவும் விருப்பப் பாடமாக வருகிறது. எட்வர்ட் ஹெர்மனும் நோம் சாம்ஸ்கியும் 1988-ல் எழுதிய நூலில் செய்தியை வடிகட்டும் ஐந்து சல்லடைகளைச் சொன்னார்கள். அவற்றில் இரண்டாவது விளம்பரம். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்து தேர்விலும் எழுதிவிடுகிறார்கள். தங்கள் வீட்டுத் திண்ணையில் தினமும் விழும் பேப்பரில் அந்தச் சல்லடை எத்தனை ரூபாய், எத்தனை காசு என்று கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. போட்டுப் பார்ப்போம்.

ஒரு லட்சம் பிரதி அடிக்கிற பேப்பர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு நான்கு தாள், தாளுக்கு 54.6 சென்டிமீட்டர். ஓர் இரவில் அச்சு இயந்திரத்தின் வழியே ஓடும் தாளின் நீளம் 218 கிலோமீட்டர். சென்னையிலிருந்து விரித்துக்கொண்டே போனால் விழுப்புரத்தைத் தாண்டி உளுந்தூர்பேட்டைக்கும் அப்பால் போய்ச் சேரும். எடை 6.5 டன்.

இதில் சேதாரம் சேரவில்லை. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வருகிற முதல் சில நூறு பிரதிகளை எடுத்துப் பாருங்கள். மஞ்சள் ஒரு பக்கம் விலகியிருக்கும், சிவப்பு ஒரு பக்கம் விலகியிருக்கும். அமைச்சரின் முகத்துக்கு இரண்டு விளிம்பு இருக்கும். மை ஒரு பக்கத்தில் அப்பியும் அடுத்ததில் வெளிறியும் கிடக்கும். மிஷின்மேன் ஒரு பிரதியை உருவி, விளக்கடியில் விரித்துப் பார்த்து, சாவியைத் திருகி, மறுபடி ஒன்றை உருவுவார். நாலு வண்ணமும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும்வரை வருவதெல்லாம் எடைக்குத்தான் போகும். ரீல் அறுந்தால் மறுபடி அதே கதை. இதற்கெல்லாம் நூற்றுக்கு 5 என்று வைத்தால் ஒரு பிரதிக்குச் செலவாகும் தாள் 68 கிராம்.

இப்போது விலை. இந்தியாவில் ஓடும் பத்திரிகைத் தாளில் பெரும்பங்கு நெடுங்காலமாகக் கப்பலில்தான் வருகிறது. 2020-ல் டன்னுக்கு 450 டாலருக்குள் இருந்த இறக்குமதித் தாள், உக்ரைன் போரும் கப்பல் கட்டண உயர்வும் சேர்ந்து 2022-ல் 950 டாலரைத் தாண்டியது. அந்தந்த ஆண்டின் டாலர் மதிப்பில் கிலோ 33 ரூபாயாக இருந்தது 73 ரூபாய் ஆனது. ஒரு பிரதியின் தாள் செலவு 2 ரூபாய் 27 காசிலிருந்து 5 ரூபாய்க்கு ஏறியது. இதன்மேல் சுங்க வரி. 2019 ஜூலை பட்ஜெட்டில் 10 சதவீதம் போட்டு, 2020 பிப்ரவரியில் 5 சதவீதமாக இறக்கினார்கள்.

இறக்குமதியை நம்பியிருக்கக் கூடாது என்று தமிழ்நாடு ஒரு காலத்தில் முயன்றது. 1979-ல் தொடங்கப்பட்டு, கரூர் அருகே காகிதபுரத்தில் எழுந்த தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையிலிருந்து பத்திரிகைத் தாள் செய்தது. பெயரில் இன்னும் செய்தித்தாள் இருக்கிறது. ஆலையோ ஆதாயம் அதிகமான எழுதுதாள், அச்சுத்தாள் பக்கம் நகர்ந்துவிட்டது.

செலவு அச்சகத்தோடு முடியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு ஏதாவது ஒரு ஊரின் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்ப் பாருங்கள். வேனிலிருந்து கட்டுகள் விழும். மேல் தாளில் ஏஜென்ட் பெயரும் பிரதி எண்ணிக்கையும் ஒட்டியிருக்கும். ஏஜென்ட்டும் பேப்பர் போடும் பையன்களும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து இணைப்பிதழைச் சொருகுவார்கள். ஜவுளிக்கடை நோட்டீஸ் வந்திருந்தால் அதையும் சேர்த்து வைப்பார்கள். அந்த நோட்டீஸ் காசு பேப்பர் கம்பெனிக்குப் போவதில்லை. ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கடைக்காரரிடம் பேசி ஏஜென்ட் வாங்கிக்கொள்வது. கமிஷன் மட்டும் போதாத தொழிலில் அதுதான் பல ஏஜென்ட்டுகளுக்கு மழைக்காலத்தில் பையன்களுக்குக் கோட்டு வாங்கித் தரும் காசு. செய்தித்தாள் வாசகர் கைக்குப் போகும் கடைசி அடியிலும் விளம்பரம்தான் பங்கு போடுகிறது.

விலை 6 ரூபாய், ஏஜென்ட் கமிஷன் குறைத்துப் போட்டாலும் நூற்றுக்கு 25 என்றால், நிறுவனத்துக்கு வந்து சேர்வது 4 ரூபாய் 50 காசு. 2022-ன் விலையில் தாளுக்கு மட்டும் 5 ரூபாய். மை, அச்சுத் தகடு, மின்சாரம், வேன், நிருபர், உதவி ஆசிரியர், பிழைதிருத்துபவர் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. அதற்குள்ளேயே 50 காசு துண்டு விழுகிறது.

தகட்டுக் கணக்கையும் இங்கே சொல்லிவிட வேண்டும். முழு வண்ணத்தில் 16 பக்கத்துக்கு, பக்கத்துக்கு நான்கு வீதம் 64 தகடு. ஒன்று 200 ரூபாய் என்று கொண்டால் 12,800 ரூபாய். ஒரு லட்சம் பிரதிக்கு அது பிரதிக்கு 13 காசு, ஐயாயிரம் பிரதிக்கு 2 ரூபாய் 56 காசு. மாவட்டத்துச் சிறு பத்திரிகைகள் எட்டுப் பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் நின்றுவிடுவதற்கும், பிறகு நின்றேபோவதற்கும் இந்த வகுத்தல் ஒரு பெரிய காரணம்.

அடக்கத்துக்கும் குறைவாக விற்பது புதிய வழக்கம் அல்ல. 1833 செப்டம்பரில் நியூயார்க்கில் பெஞ்சமின் டே தன் 'சன்' பத்திரிகையை ஒரு சென்ட்டுக்கு விற்கத் தொடங்கினார். மற்ற நாளிதழ்கள் அப்போது ஆறு சென்ட். வாசகரைக் கூட்டமாகச் சேர்த்து, அந்தக் கூட்டத்தை விளம்பரதாரரிடம் காட்டிக் காசு வாங்கும் முறை அங்கே வேர்விட்டது. கூலிக்காரர் கையிலும் பேப்பர் வந்தது அதனால்தான். இந்த முறையின் நன்மையை மறைத்துவிட்டுத் தீமையை மட்டும் பேசுவது நியாயமாகாது.

நம் நாட்டில் இது உச்ச நீதிமன்றம் வரை போனது. 1956-ல் பத்திரிகை விலை–பக்கச் சட்டம் வந்தது, 1960-ல் அதன் கீழ் ஆணை வந்தது. இத்தனை பக்கம் என்றால் குறைந்தபட்சம் இத்தனை விலை என்று அரசு நிர்ணயிக்கும். புனேயின் 'சகாள்' மராத்தி நாளிதழ் வழக்குப் போட்டது. வார நாள்களில் 52,000 பிரதி, விலை 7 நயா பைசா, இடத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் விளம்பரம். வாரத்தின் ஆறு நாள்களுக்கு 34 பக்கம் தந்துகொண்டிருந்தது. ஆணைப்படி 7 பைசாவிலேயே நிற்க வேண்டுமென்றால் 24 பக்கமாகக் குறைக்க வேண்டும். 34 பக்கம் வேண்டுமென்றால் 8 பைசா ஆக்க வேண்டும். ஒரே ஒரு பைசா! அந்த ஒரு பைசாவால் வாசகர்கள் குறைவார்கள், வாசகர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது கருத்துரிமையைக் குறைப்பதே என்று 1961 செப்டம்பர் 25-ல் நீதிமன்றம் சட்டத்தை ரத்து செய்தது. பெரிய நாளிதழ்களுக்கு 10 பக்க உச்சவரம்பு வைத்த கொள்கையும் 1972-ல் அதே வழியில் விழுந்தது. அந்தத் தீர்ப்புகள் சரியானவை என்றே நினைக்கிறேன். ஆனால் அரசின் பிடியிலிருந்து விலையைக் காத்த நீதிமன்றத்தால், மீதிப் பணத்தைத் தருகிறவரின் பிடியிலிருந்து பக்கங்களைக் காக்க வழியில்லை.

அந்த மீதி எவ்வளவு? மத்திய அரசின் விளம்பர விகிதம் பொது ஆவணம் என்பதால் அதையே அளவுகோலாக எடுக்கலாம். ஒரு லட்சம் பிரதி உள்ள நாளிதழில் கறுப்பு வெள்ளை விளம்பரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 47 ரூபாய் 40 காசு என்று இருந்ததை, 2025 நவம்பரில் 59 ரூபாய் 68 காசாக, ஏறத்தாழ 26 சதவீதம் உயர்த்தினார்கள். அதற்கு முந்தைய உயர்வு 2019 ஜனவரியில். இடையில் தாள் விலை இரட்டிப்பாகியும் விகிதம் அசையவில்லை.

முழுப் பக்கத்தின் அச்சுப் பரப்பு 33-க்கு 50, அதாவது 1,650 சதுர சென்டிமீட்டர். புதிய விகிதத்தில் 98,472 ரூபாய். பிரதிக்கு 98 காசு. சகாளின் 40 சதவீதத்தையே நம் 16 பக்கத்துக்கும் பொருத்தினால் 6.4 பக்கம் விளம்பரம், பிரதிக்கு 6 ரூபாய் 30 காசு. வாசகரிடமிருந்து வருவது 4 ரூபாய் 50 காசு. மொத்தம் 10 ரூபாய் 80 காசில் வாசகர் பங்கு நூற்றுக்கு 42. இது அரசு விகிதக் கணக்கு. நாடு முழுவதற்குமான கணக்கில் பங்கு இன்னும் சிறியது. ஃபிக்கி–இ.ஒய். ஆண்டறிக்கையின்படி 2019-ல் இந்திய அச்சு ஊடகத்தின் வருவாய் 29,600 கோடி ரூபாய். அதில் விளம்பரம் 20,600 கோடி, விற்பனை 9,000 கோடி. நூறு ரூபாயில் வாசகர் தந்தது 30.

அடுத்த ஆண்டு கொரோனா வந்தது. விற்பனை 6,800 கோடிக்கு இறங்கியது, நூற்றுக்கு 24 குறைவு. விளம்பரம் 12,200 கோடிக்கு விழுந்தது, நூற்றுக்கு 41 குறைவு. பஸ் ஓடாமல், பேப்பரைத் தொட்டால் தொற்று வரும் என்று வதந்தி பரவி, பல குடியிருப்புகள் பையன்களை வாசலிலேயே நிறுத்திய ஆண்டு அது. அப்போதும் வாசகர்தான் அதிகம் நிலைத்து நின்றார். பதிப்புகள் மூடப்பட்டதற்கும் பத்திரிகையாளர்கள் வேலை இழந்ததற்கும், ஓடிப்போன அந்த 8,400 கோடி விளம்பரப் பணமே முதல் காரணம்.

அரசு விளம்பரம் தனி வகை. துணிக்கடை விளம்பரத்தை நிறுத்தினால் நகைக்கடை வரலாம். அரசு நிறுத்தினால் ஈடு செய்ய ஆள் இல்லை. சிறு பத்திரிகைக்கு டெண்டர் அறிவிப்புதான் மாதச் சம்பளம். தலைவர்களின் படம் பெரிதாகப் போடும் விளம்பரங்களை 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி தவிர யார் படமும் கூடாது என்றது. பத்தே மாதத்தில், 2016 மார்ச்சில், ஆளுநர், முதல்வர், அமைச்சர் படங்களுக்கும் அனுமதி திரும்பிவிட்டது. மத்திய அரசும் பல மாநில அரசுகளும் மறுபரிசீலனை கேட்டு வாங்கிய சலுகை அது.

செய்தித் தொலைக்காட்சியின் பேரேட்டில் பார்வையாளர் பங்கு என்ற வரியே மங்கலாக இருக்கும். அங்கே விளம்பர விலையைத் தீர்மானிப்பது டி.ஆர்.பி. 2020 வாக்கில் ஏறத்தாழ 44,000 வீடுகளில் மீட்டர் வைத்து, 21 கோடி டி.வி. வீடுகளின் ரசனையைக் கணித்தார்கள். ஒரு மீட்டர் 4,770 வீடுகளுக்குப் பேசுகிறது. பத்து வீட்டாரை வளைத்தால் 47,700 வீடுகள் பார்த்ததாகக் கணக்கு ஏறும். மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாகப் புகார் எழுந்து, 2020 அக்டோபரில் செய்திச் சேனல்களின் ரேட்டிங் நிறுத்தப்பட்டது. திரும்ப வந்தது 2022 மார்ச்சில்.

தாள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை இலங்கை இருமுறை பார்த்தது. 1990-களின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்து நாளிதழ்கள் பள்ளிக் கொப்பியின் கோடிட்ட தாளில் அச்சாயின. 2022-ல் தடை எதுவும் இல்லை, டாலர்தான் இல்லை. மார்ச் தொடக்கத்தில் டாலருக்கு 200 ரூபாய் சொச்சம், மே மாதம் 360. டன் 950 டாலர் என்றே வைத்தாலும், நம் 68 கிராம் தாளின் செலவு இலங்கை ரூபாயில் 13-லிருந்து 23 ஆகிவிடுகிறது. உலகச் சந்தையில் ஒரு டாலர்கூட ஏறாமலே! அந்த மார்ச் கடைசியில் 'தி ஐலண்ட்', 'திவயின' இரண்டும் சனிக்கிழமை அச்சுப் பதிப்பை நிறுத்தின. எரிபொருளுக்கும் மருந்துக்கும் மக்கள் வரிசையில் நின்ற, செய்தி மிகமிகத் தேவைப்பட்ட வாரங்கள் அவை.

வீட்டுக் கணக்குக்கு வருவோம். மாதம் 180 ரூபாய் கொடுத்து வாங்கும் பேப்பர் மாதக் கடைசியில் 1.95 கிலோ தேறும். பழைய பேப்பர் கடையில் கிலோ 12 ரூபாய் என்றால் 23 ரூபாய் திரும்பக் கிடைக்கும். உண்மையில் நாம் தருவது 157 ரூபாய், நாளுக்கு 5 ரூபாய் 23 காசு. நிருபர் தாலுகா அலுவலகத்தில் காத்துக் கிடந்து கேட்ட கேள்வி, நீதிமன்றத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து எழுதிய குறிப்பு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நாளுக்கு 10 ரூபாய் தந்தால் விளம்பரத்தின் மேல் சாய்வு பாதியாகக் குறையும் என்று நான் நம்புகிறேன். எல்லா வீட்டாலும் அது முடியாது என்பதும் தெரியும். முடிந்த வீடுகள் ஏராளம்.

விலை ஏறும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய ஒன்று உண்டு. 1956-ம் ஆண்டு விதிகளின்படி ஒவ்வொரு பத்திரிகையும் பிப்ரவரி முடிந்து வரும் முதல் இதழில் படிவம் 4 என்ற அறிவிப்பை வெளியிட்டு வந்தது. உரிமையாளர் யார், வெளியிடுபவர் யார், ஒரு சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் யார் என்ற விவரம் அதில் இருக்கும். அதைப் போன்ற ஆண்டு அறிவிப்பில் இரண்டு வரி கூடுதலாக வர வேண்டும்: சென்ற ஆண்டு வருவாயில் மத்திய, மாநில அரசுகளின் விளம்பரம் நூற்றுக்கு எவ்வளவு, மிக அதிகம் தந்த தனியார் விளம்பரதாரர் யார். சேனல்களும் அதே போல ஆண்டுக்கு ஒருமுறை திரையில் காட்டட்டும். பத்திரிகையில் அந்த இரண்டு வரி 10 சதுர சென்டிமீட்டரில் அடங்கிவிடும். அரசு விகிதப்படி அந்த இடத்தின் மதிப்பு 597 ரூபாய்.